மலிவுக் கணக்கில் வந்த ஷெல்: மும்பை வரலாற்றில் ஒரு பக்கம்

1995 ஆகஸ்ட் 15 அன்று விதேஷ் சஞ்சார் நிகம் பொதுமக்களுக்கான இணைய இணைப்பைத் தொடங்கியபோது, மும்பைக்கு அது இரண்டு தரத்தில் வந்தது. படங்களுடன் கூடிய இணைப்புக்கு விலை அதிகம். மாணவர் கைக்கு எட்டியது எழுத்து மட்டுமே தெரியும் ‘ஷெல் அக்கவுண்ட்’. தொலைபேசி மோடம் வழியே தொலைவிலுள்ள யூனிக்ஸ் கணினியை அடைந்து, மவுஸ் இன்றிக் கட்டளைகளைத் தட்ட வேண்டும். பைன் நிரலில் கடிதம், லிங்க்ஸ் நிரலில் வலைப்பக்கம். கட்டளை வரியை வல்லுநர்களின் கருவி என்றே கணினி வரலாறுகள் எழுதுகின்றன. இந்நகரில் ஒரு தலைமுறைக்கு அது ஏழைகளின் வாசலாகவும் இருந்தது.

நிறுவனங்களுக்குள் யூனிக்ஸ் அதற்கு முன்பே புகுந்திருந்தது. டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தின் கணிப்பணி மரபிலிருந்து கிளைத்த தேசிய மென்பொருள் தொழில்நுட்ப மையம், 1985-இல் எஸ். ரமணியின் தலைமையில் ஜுஹுவில் அமைந்தது. எர்நெட் வலையமைப்பின் தொடக்கக் கண்ணிகளுள் அதுவும் ஒன்று. 1979-இல் வெளிவந்த ஏழாம் யூனிக்ஸ் பதிப்பு ஸ்டீபன் பார்னின் ஷெல்லைப் பரப்பியது. அதன் சாரம் எளிது: திரையில் ஒவ்வொன்றாகத் தட்டும் கட்டளைகளை ஒரு கோப்பில் வரிசையாக எழுதிவைத்தால், அக்கோப்பே நிரல். நூறு கோப்புகளுக்குப் பெயர் மாற்றுவதும், இரவுதோறும் நகலெடுப்பதும், பதிவேட்டில் ஒரு பெயரைத் தேடுவதும் அதன் அன்றாட வேலைகள். விசைப்பலகையில் விரல் பழகியிருந்தால் போதும்.

விரல் பழக்கம் மும்பைத் தமிழர்க்குப் புதிதன்று. மாட்டுங்காவிலும் பின்னர் செம்பூரிலும் குடியேறிய தமிழ் நடுத்தர வர்க்கத்தில் கணிசமானோர் தட்டச்சையும் சுருக்கெழுத்தையும் கொண்டே அலுவலகங்களில் இடம்பெற்றனர். 1966-இல் தோன்றிய சிவசேனையின் முதற் சினம் பாய்ந்ததும் அந்த எழுத்தர் பணிகளின்மீதுதான். ஆனால் அத்திறன் ஆங்கிலத்தோடு பிணைந்தது. திருநெல்வேலிப் பகுதியிலிருந்து தோல் பதனிடும் தொழிலுக்காகத் தாராவிக்கு வந்த குடும்பங்களுக்கு அப்பிணைப்பு எளிதில் வாய்க்கவில்லை. மாநகராட்சி தமிழ்வழிப் பள்ளிகளை நடத்திவந்தது உண்மை. அங்குப் படித்து முடித்தவரின் முன், விளக்கம் முழுவதும் ஆங்கிலத்திலிருந்த ஒரு யூனிக்ஸ் நூலை வைத்துப் பார்த்தால் சிக்கல் விளங்கும்.

இதற்கு விடை தேடிய முயற்சிகளுள் குறிப்பிடத்தக்கது பவாயிலுள்ள இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தில், பேராசிரியர் கண்ணன் மௌத்கல்யா வழிநடத்திய ‘ஸ்போக்கன் டுடோரியல்’ திட்டம். ஏறத்தாழப் பத்து நிமிடப் பாடங்கள். அவற்றுள் லினக்ஸ், பாஷ் ஷெல் நிரலாக்கம் ஆகியவற்றுக்குத் தனித் தொடர்கள். மாணவர் பாடத்தை ஒரு சாளரத்திலும் தம் முனையத்தை அருகிலும் வைத்து, பார்த்தபடியே தட்டிப் பழகுவது அதன் முறை. ஆங்கில மூலத்தின் மீது தமிழ் உள்ளிட்ட மொழிகளில் குரல் மட்டும் மாற்றப்பட்டது. திரை ஆங்கிலத்திலேயே நின்றது. வேலைச் சந்தையில் மாணவர் பின்தங்கக்கூடாது என்பது அதற்குச் சொல்லப்பட்ட காரணம். நியாயமான காரணம்தான். ஆயினும் தமிழ் விளக்கத்தின் மொழியாக நின்றதே ஒழிய, கணினி கையாளும் பொருளாக அப்பாடங்களில் ஆகவில்லை.

அதற்கான வழியோ முன்பே திறந்திருந்தது. யூனிக்ஸின் முதல் ஷெல்லை 1971-இல் எழுதிய கென் தாம்சனே, 1992-இல் ராப் பைக்குடன் சேர்ந்து யூ.டி.எஃப்-8 குறியீட்டு முறையை வகுத்தார். அதனால் இன்று முனையத்தில் தமிழ்க் கோப்பைத் தேடலாம், பிரிக்கலாம், வரிசைப்படுத்தலாம். ‘தமிழ்’ என்னும் சொல்லை மட்டும் ஒரு கோப்பில் இட்டு ‘டபிள்யூ-சி’ கட்டளையால் எண்ணினால், வரிமுடிவை நீக்கிய பின், பைட்டுக் கணக்கில் 15 வருகிறது. குறிகளின் கணக்கில் 5. தாராவியில் ஒன்றாம் வகுப்புப் பிள்ளை விரல்விட்டு எண்ணினால் 3.