அப்பாவோட காக்கி டவுசரும் கொஞ்சம் வரலாறும்

மக்களே, இன்னிக்குக் கொஞ்சம் கொசுவர்த்தி சுத்தப் போறேன். நடுநடுவுல வரலாறும் வரும். பொறுத்துக்குங்க :-)

அப்பா 2023 டிசம்பர்ல போயிட்டார். வாசல்ல பாடை கட்டிக்கிட்டு இருந்தப்போ, ஐம்பதைத் தாண்டின ஒருத்தர் வேகமா உள்ள வந்து எனக்கு இடது கையை நீட்டினார். பக்கத்துல நின்ன சித்தப்பாவுக்குக் கோவம். "என்ன தம்பி, எழவு வீட்ல பீச்சாங்கையை நீட்டுறீங்க?" எனக்குப் புரிஞ்சிடுச்சு. சாரணர்கள் கை குலுக்குறது இடது கையாலதான். நானும் இடது கையை நீட்டினேன். அதுவரைக்கும் அழாம இருந்தவன், அங்கதான் உடைஞ்சேன்.

அப்பா தஞ்சாவூர்ப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்துல கணக்கு வாத்தியார். கூடவே சாரண ஆசிரியர். இந்த வேலைக்குச் சம்பளம் கிடையாது. சனி, ஞாயிறு போகும், கைக்காசும் போகும். 1968-ல ஆரம்பிச்சவர், ரிடையர் ஆன பிறகும் விடலை. தொப்பி, கழுத்துல ஸ்கார்ஃப், கஞ்சி போட்ட காக்கி டவுசர்னு கிளம்பினா, எங்க அப்பத்தா திண்ணையில உக்காந்து, "வெள்ளைக்காரன் போயிட்டான், அவன் டவுசரை நீ மாட்டிக்கிட்டுத் திரி"ன்னு கிண்டல் பண்ணும். அப்பா சிரிச்சிட்டு சைக்கிளை எடுப்பார்.

அப்பத்தா சொன்னதுல பாதி உண்மை. காரியம் எல்லாம் முடிஞ்ச பிறகு அப்பாவோட டிரங்குப் பெட்டியில இருந்த புத்தகங்களைப் படிச்சப்பதான் மீதிப் பாதி தெரிஞ்சுது.

பேடன் பவல், 1907 ஆகஸ்ட்ல இங்கிலாந்துல பிரவுன்சீங்கிற குட்டித் தீவுல இருபது பசங்களை வச்சு முதல் முகாம் நடத்தினார். பெரிய இடத்துப் பிள்ளைங்க பாதி, சாதாரண வீட்டுப் பசங்க பாதி. ஒரே கூடாரம், ஒரே சாப்பாடு. வர்க்க பேதம் பார்க்கிற அந்த ஊர்ல அது பெரிய விஷயம்தான். 1909-லயே பெங்களூருக்கு இயக்கம் வந்தாச்சு. ஆனா யாருக்கு? வெள்ளைக்காரப் பசங்களுக்கும் ஆங்கிலோ இந்தியப் பசங்களுக்கும். நம்ம பசங்களுக்கு இடமில்லை. அணிவகுப்பு, கட்டுப்பாடுன்னு இவங்களைப் பழக்கிவிட்டா நாளைக்கு நம்ம மேலயே திரும்புவாங்கன்னு அரசாங்கத்துக்குப் பயம்.

அன்னி பெசன்ட் அம்மையாரும் ஜார்ஜ் அருண்டேலும் 1916-ல நம்ம மதராஸ்ல இந்தியப் பசங்களுக்குன்னே தனியா ஒரு சாரணர் சங்கம் ஆரம்பிச்சாங்க. தொப்பிக்குப் பதிலா தலைப்பாகை, நம்ம ஊர்ப் பாட்டு. அடுத்த வருஷமே, 1917-ல, ஹோம் ரூல் போராட்டத்துக்காக ரெண்டு பேரையும் அரசாங்கம் காவல்ல வச்சுது. 1921-ல பேடன் பவல் இந்தியா வந்தார், பெசன்ட்டோட சங்கமும் அவர் இயக்கத்தோட சேர்ந்துச்சு. சுதந்திரத்துக்கு அப்புறம், 1950 நவம்பர் 7-ல, தனித்தனியா இருந்த சாரணர் அமைப்புகள் ஒண்ணாகி பாரத சாரணர் இயக்கம் ஆச்சு. அடுத்த வருஷம் ஆகஸ்ட் 15-ல பெண் சாரணியரும் சேர்ந்துக்கிட்டாங்க.

ஆக, அப்பா போட்ட டவுசர் வெள்ளைக்காரன் விட்டுட்டுப் போனது இல்லை. உனக்குக் கிடையாதுன்னு சொன்னதை நம்ம ஆளுங்க கேட்டு வாங்கினது.

இப்போ என் கதை. 1984, நான் எட்டாவது. கல்லணைப் பக்கம் மூணு நாள் முகாம். ஒவ்வொரு வேளையும் ஒரு அணி சமைக்கணும். முதல் நாள் ராத்திரி முறை வந்த அணிக்குத் தலைவன் தெற்குத்தெருப் பையன். ஊர்ல தெற்குத்தெருன்னா என்ன அர்த்தம்னு உங்களுக்கே தெரியும். விஷயம் எப்படியோ ஊருக்குப் போய், ஒரு பையனோட அப்பா சைக்கிள்ல வந்துட்டார். "எம்புள்ளைக்குத் தனியா சமைக்கச் சொல்லுங்க வாத்தியாரே."

அப்பா குரலை உயர்த்தலை. "இங்க அடுப்பு ஒண்ணுதாங்க. வேணாம்னா பையனைக் கூட்டிட்டுப் போங்க."

கூட்டிட்டுப் போயிட்டார். கேரியர்ல உக்காந்த பையன் அழுதுக்கிட்டே திரும்பித் திரும்பிப் பார்த்தான்.

இதுவரைக்கும் யார்கிட்டயும் சொல்லாததை இப்போ சொல்றேன். அன்னிக்கு ராத்திரி நானும் சாப்பிடலை. வயித்து வலின்னு பொய் சொல்லிட்டுக் கூடாரத்துல போய்ப் படுத்துட்டேன். அப்பத்தா வளர்ப்பு. சாரண ஆசிரியரோட மகன்!

அப்பா வந்து நெத்தியில கை வச்சுப் பார்த்தார். ஒண்ணும் கேக்கலை. காலைல அணிப் பட்டியலைப் படிச்சப்போ என் பேரு தெற்குத்தெருப் பையனோட அணியில இருந்துச்சு. விறகு பொறுக்கினேன், கல் அடுப்புக் கூட்டினேன், புகையில கண்ணு எரிஞ்சுது. அவன் கிண்டின உப்புமாவை ரெண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டேன். அப்பா அதைப் பத்தி அன்னிக்கும் பேசலை, சாகிற வரைக்கும் பேசலை. சாரணன் எல்லாருக்கும் நண்பன்னு ஒரு விதி இருக்கு. அதை நாங்க வாரா வாரம் ஒப்பிப்போம். அப்பா விளக்கம் சொன்னதே இல்லை, ஆளை இடம் மாத்தி உக்கார வச்சார், அவ்வளவுதான்.

ஒன்பதாவதுல கிரிக்கெட்டுன்னு சொல்லி நான் சாரணரை விட்டுட்டேன். அதுக்கும் அவர் ஒண்ணும் சொல்லலை.

இடது கையை நீட்டினவர் யார்னு யூகிச்சிருப்பீங்க. அதே தெற்குத்தெருப் பையன்தான். பதினாறாம் நாள் காரியத்துக்கும் வந்திருந்தான். பந்தியில என் பக்கத்துல உக்காந்து சாப்பிட்டுக்கிட்டே மெதுவா, "வயித்து வலி சரியாப் போச்சாடா?"ன்னு கேட்டான். எனக்குத் தூக்கி வாரிப் போட்டுச்சு. முப்பத்தொன்பது வருஷமா அவனுக்குத் தெரிஞ்சிருக்கு! தலையைக் குனிஞ்சுக்கிட்டேன். அவன் என் இலையில ஒரு வடையை எடுத்து வச்சான்.

பேடன் பவல் 1941 ஜனவரி 8-ல கென்யாவுல இறந்தார். நியெரியில இருக்கிற அவர் கல்லறையில ஒரு வட்டமும் நடுவுல ஒரு புள்ளியும் செதுக்கியிருக்கு. சாரணர்கள் காட்டுவழியில பின்னால வர்றவங்களுக்குப் போடுற குறி அது. 'நான் வீட்டுக்குப் போயிட்டேன்'னு அர்த்தம். எங்களுக்கு அப்பா அதை ஆத்து மணல்ல குச்சியால வரைஞ்சு காட்டுவார்.

அப்பாவுக்குக் கல்லறை கிடையாது, அஸ்தியைக் காவிரியில கரைச்சாச்சு. கரைச்சிட்டு ஏறுறப்போ படித்துறை ஓரத்து மணல்ல ஒரு வட்டம் போட்டு நடுவுல விரலால புள்ளி வச்சேன். சித்தப்பா என்னடா இதுன்னார். ஒண்ணுமில்லைன்னுட்டேன்.

உங்கள்ல யாராவது சாரணரா இருந்திருந்தா, உங்க வாத்தியாரைப் பத்தி ஒரு பதிவு போடுங்களேன்.