கடல் கடந்து வந்த ஆங்கில வாத்தியார்கள்

வில்பட்டி, கொடைக்கானலுக்குப் பக்கத்தில் உள்ள ஒரு மலைக் கிராமம். படிப்படியாக வெட்டிய சரிவு நிலங்களில் பூண்டு, உருளைக்கிழங்கு, கேரட் என்று விளையும் ஊர். கொடைக்கானல் ஏரி வெட்டப்பட்டது 1863 ஆம் ஆண்டில். அந்த ஏரியை விடவும், அதைச் சுற்றி எழுந்த பங்களாக்களை விடவும் வயதில் மூத்தது வில்பட்டி.

இந்த ஊருக்குச் சில மைல் தூரத்தில் 1901 ஆம் ஆண்டில் ஓர் ஆங்கிலப் பள்ளி திறக்கப்பட்டது. நடத்தியவர்கள் அமெரிக்க மிஷனரிகள். படித்தவர்கள் யார்? வில்பட்டிப் பிள்ளைகள் அல்ல, அந்த மிஷனரிகளின் சொந்தப் பிள்ளைகள்! தமிழ்ப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லித் தரக் கடல் கடந்து வந்தவர்கள் மலை உச்சியில் தங்கள் பிள்ளைகளுக்கு மட்டும் ஒரு பள்ளி கட்டியது ஏன்? இதற்கு விடை தேட வேண்டுமானால் சுமார் 85 ஆண்டுகள் பின்னால் போய், யாழ்ப்பாணத்திலிருந்து தொடங்க வேண்டும்.

முதலில் மாணவர் ஆன வாத்தியார்

அமெரிக்க மிஷனைச் சேர்ந்தவர்கள் யாழ்ப்பாணத்துக்கு வந்தது 1816 ஆம் ஆண்டில். வந்த உடனே அவர்களால் பாடம் நடத்த முடியவில்லை. காரணம் எளிது. "உட்கார்" என்று சொல்லக்கூட அவர்களுக்குத் தமிழ் தெரியாது. ஆகவே ஆங்கிலம் கற்பிக்க வந்தவர் முதலில் ஒரு தமிழ் முன்ஷியிடம் உட்கார்ந்து அ, ஆ படித்தார். ழகரமும் றகரமும் அவர்களைப் பாடாய்ப் படுத்தியிருக்கும் என்று சொல்லத் தேவையில்லை. ஆனால் விடாமல் படித்தார்கள். அவர்களில் ஒருவரான மைரன் வின்சுலோ 1862 ஆம் ஆண்டில் வெளியிட்ட தமிழ் ஆங்கில அகராதியில் 67,000க்கும் மேற்பட்ட சொற்கள் இருந்தன. இன்றும் தமிழ் ஆய்வாளர்கள் அதைப் புரட்டுகிறார்கள்.

அடுத்த சிக்கல் பிள்ளைகளைச் சேர்ப்பது. வெள்ளைக்காரர் வீட்டில் தங்கிச் சாப்பிட்டுப் படிக்கப் பிள்ளையை அனுப்பப் பெற்றோர் தயங்கினார்கள். சாதி கெட்டுவிடும் என்ற பயம், மதம் மாற்றிவிடுவார்கள் என்ற பயம். பெண் குழந்தை என்றால் தயக்கம் இரட்டிப்பு. 1824 ஆம் ஆண்டில் உடுவிலில் தொடங்கிய பெண்கள் விடுதிப் பள்ளியைப் பற்றி ஒரு கதை சொல்வார்கள். மழைக்கு ஒதுங்கிய இரண்டு சிறுமிகள் ஹாரியட் வின்சுலோ அம்மையாரின் வீட்டில் இரவு தங்கிச் சாப்பிட்டுவிட, அவர்களே அங்கு முதல் மாணவிகள் ஆனார்களாம்.

சேர்ந்த பிள்ளைகளின் சாப்பாட்டுச் செலவை அமெரிக்காவில் யாரோ ஒருவர் ஏற்றுக்கொள்வார். பதிலுக்கு அந்தப் பிள்ளைக்கு அவருடைய பெயர் சூட்டப்படும். யாழ்ப்பாணத்துப் பழைய பெயர்களில் விசுவநாதபிள்ளைக்கு முன்னால் "கறோல்" என்று ஒட்டிக்கொண்டிருப்பதைப் பார்த்தால் இன்று வியப்பாக இருக்கும். ஒரு சிறுவன் தன் பெயரில் பாதியைக் கொடுத்து ஒரு மொழியை வாங்கினான் என்று கூடச் சொல்லலாம்.

வட்டுக்கோட்டையும் அதன் மாணவர்களும்

1823 ஆம் ஆண்டில் டேனியல் பூர் தலைமையில் வட்டுக்கோட்டை செமினரி தொடங்கப்பட்டது. அங்கே ஆங்கிலத்தோடு தமிழும் படித்தார்கள். கணிதம், வானியல், தத்துவம் எல்லாம் உண்டு. மிஷனின் நோக்கம் தமிழ்ப் போதகர்களையும் உபதேசிமார்களையும் உருவாக்குவது. பிள்ளைகளின் நோக்கமோ வேறு. ஆங்கிலம் தெரிந்தால் அரசாங்க உத்தியோகம் கிடைக்கும். கச்சேரியில் குமாஸ்தா ஆகலாம், கொழும்புக்கும் சென்னைக்கும் போகலாம்.

1857 ஆம் ஆண்டில் சென்னைப் பல்கலைக்கழகம் நிறுவப்பட்டது. அதன் முதல் பட்டதாரிகளான சி.வை. தாமோதரம்பிள்ளை, கறோல் விசுவநாதபிள்ளை இருவருமே வட்டுக்கோட்டையில் படித்தவர்கள். தாமோதரம்பிள்ளை பிற்காலத்தில் தொல்காப்பியப் பொருளதிகாரத்தையும் கலித்தொகையையும் ஏட்டிலிருந்து அச்சுக்குக் கொண்டுவந்தார் என்பது நமக்குத் தெரிந்ததே. ஆங்கிலம் படித்தவர் தமிழை மறந்துவிடுவார் என்று எப்போதும் சொல்லிவிட முடியாது!

ஆனால் அவர்கள் பட்டம் பெற்ற நேரத்தில் அந்தச் செமினரியே இல்லை.

பள்ளியை மூடிய விருந்தாளி

மிஷனின் தலைமைச் செயலாளர் ரூஃபஸ் ஆண்டர்சன் பாஸ்டனிலிருந்து புறப்பட்டு 1854, 1855 ஆம் ஆண்டுகளில் இந்தியாவுக்கும் இலங்கைக்கும் வந்து பள்ளிகளைப் பார்வையிட்டார். அவருடைய வாதம் இது: தாய்மொழியில் படித்தவன் தன் ஊரிலேயே இருந்து தன் மக்களுக்கு உழைப்பான். ஆங்கிலம் படித்தவன் ஊரை விட்டுப் போய்விடுவான். அவ்வளவு பணம் செலவழித்து அரசாங்கத்துக்குக் குமாஸ்தா தயாரித்துக் கொடுப்பது மிஷனின் வேலையா?

1855 ஆம் ஆண்டில் வட்டுக்கோட்டை செமினரி மூடப்பட்டது. மதுரையை அடுத்த பசுமலையில் இதே மிஷன் நடத்திய செமினரியிலும் ஆங்கிலப் பாடம் கைவிடப்பட்டது.

இந்த வாதத்தில் ஓர் உண்மை இருந்ததை மறுக்க முடியாது. மானிப்பாயில் மருத்துவம் கற்பித்த டாக்டர் சாமுவேல் கிறீன் இதையே வேறு விதமாகக் கண்டார். ஆங்கிலத்தில் படித்த வைத்தியர்கள் வெளியூர் உத்தியோகத்துக்குப் போவதைப் பார்த்த அவர், 1864 ஆம் ஆண்டிலிருந்து மருத்துவத்தைத் தமிழிலேயே கற்பித்தார். பாடநூல்களும் தமிழில் வந்தன.

ஆனால் கிறீனுக்கும் ஆண்டர்சனுக்கும் ஒரு பெரிய வித்தியாசம் உண்டு. கிறீன் ஒன்றைத் தமிழில் கொண்டுவந்து கொடுத்தார். ஆண்டர்சன் கொடுத்திருந்த ஒன்றைத் திரும்ப எடுத்துக்கொண்டார். அதுவும் படிக்கும் பிள்ளைகளைக் கேட்காமலே!

மக்களின் பதில் என்ன? வட்டுக்கோட்டையின் பழைய மாணவர்கள் மறு ஆண்டே, 1856 இல், அங்கே ஓர் ஆங்கில உயர்நிலைப் பள்ளியை நடத்தத் தொடங்கினார்கள். அவர்களின் தொடர்ந்த முயற்சியால் 1872 ஆம் ஆண்டில் யாழ்ப்பாணக் கல்லூரி பிறந்தது. மிஷன் பள்ளிகளுக்கு எதிராக 1848 ஆம் ஆண்டிலேயே வண்ணார்பண்ணையில் சைவப் பள்ளி கண்ட ஆறுமுக நாவலர் கூட, 1872 இல் சைவப் பிள்ளைகளுக்கென ஓர் ஆங்கிலப் பள்ளியைத் தொடங்கினார். எதிரும் புதிருமாக இருந்த இரு தரப்பும் ஆங்கிலம் வேண்டும் என்பதில் மட்டும் ஒன்றுபட்டது. பசுமலையிலும் ஆங்கிலம் திரும்பி வந்தது. 1881 இல் அங்கே தொடங்கிய கல்லூரிதான் பின்னர் மதுரை நகருக்கு இடம் மாறி, அமெரிக்கன் கல்லூரி என்ற பெயரில் இன்றும் நடக்கிறது.

மலை மேல் ஒரு பள்ளி

இனி மீண்டும் மலைக்கு வருவோம். இந்த மிஷன் மதுரைக்கு வந்தது 1834 இல். வெயிலும் காலராவும் காய்ச்சலும் அவர்களில் பலரைக் கொண்டுபோயின. குளிர்ந்த இடம் தேடி முதலில் சிறுமலைக்குப் போனார்கள். அங்கும் காய்ச்சல் விடவில்லை. கடைசியில் 1845 இல் கொடைக்கானலில் முதல் இரண்டு வீடுகளைக் கட்டினார்கள். அப்போது மோட்டார் சாலை கிடையாது. பெரியகுளம் பக்கத்திலிருந்து மலைப்பாதையில் ஆட்கள் டோலியில் தூக்கிச் செல்ல வேண்டும். பல வெள்ளைக்காரப் பிள்ளைகள் கொடைக்கானலுக்குப் போனது உள்ளூர்க்காரர்களின் தோளில்தான்.

மிஷனரிகளுக்கு ஒரு பெருந்துயரம் இருந்தது. பிள்ளை வளர்ந்தால் படிப்புக்காகக் கப்பலேற்றி அமெரிக்காவுக்கு அனுப்ப வேண்டும். பிறகு பல ஆண்டுகள் முகம் பார்க்க முடியாது. அதற்கு மருந்தாகத்தான் 1901 இல் மார்கரெட் எடி அம்மையார் பொறுப்பில், 13 பிள்ளைகளுடன் ஹைகிளார்க் பள்ளி தொடங்கியது. அங்கே படித்தால் அமெரிக்கக் கல்லூரியில் சேரலாம். பின்னாளில் அது எல்லா நாட்டுப் பிள்ளைகளுக்கும் கதவைத் திறந்து, 1970களில் கொடைக்கானல் சர்வதேசப் பள்ளியாக மாறியது.

பெற்ற பிள்ளையைப் பிரிய மனமில்லாதவர்கள் கட்டிய பள்ளி அது. அதில் குற்றம் சொல்ல எதுவும் இல்லை. ஆனால் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஒன்று புலப்படும். தமிழ்ப் பிள்ளைக்கு ஆங்கிலம் கொடுத்தால் ஊரை விட்டுப் போய்விடுவான் என்று 1855 இல் கவலைப்பட்டார்கள். தங்கள் பிள்ளை ஊர் கடந்து மேலே போக வேண்டும் என்பதற்காகவே 1901 இல் பள்ளி கட்டினார்கள். போவதும் இருப்பதும் தங்கள் பிள்ளைக்கு உரிமை, அடுத்தவர் பிள்ளைக்கு மட்டும் நஷ்டக் கணக்கு!

இன்று தமிழக அரசுப் பள்ளிகளில் முதல் வகுப்பிலிருந்தே ஆங்கிலம் ஒரு பாடம். 2012-13 கல்வியாண்டு முதல் பல அரசுப் பள்ளிகளில் ஆங்கில வழி வகுப்புகளும் வந்துவிட்டன. ஆனால் "ஆங்கிலம் படித்தால் யார் விவசாயம் பார்ப்பது?" என்ற கேள்வி மட்டும் இன்னும் ஓயவில்லை. பெரும்பாலும் அதைக் கேட்பவர்களின் பிள்ளைகள் ஆங்கிலப் பள்ளியில் படித்துக்கொண்டிருப்பார்கள். வில்பட்டியில் பிறந்த ஒரு பிள்ளை பூண்டு பயிரிடலாம், பாஸ்டனுக்கும் போகலாம். எது வேண்டும் என்பதை அந்தப் பிள்ளைதான் சொல்ல வேண்டும். கற்றுக் கொடுப்பவரின் வேலை, இரண்டு வழியும் திறந்திருக்கும்படி பார்த்துக்கொள்வது மட்டுமே.