காலத்தோடு ஓடிய கைகள்: சென்னையில் மழலையர்க்கான ஆரம்பநிலை இடையீட்டுச் சேவையின் வரலாறு

பெருங்குடியிலிருந்து தரமணி, அடையாறு, கோட்டூர்புரம் வழியாகத் தியாகராய நகரை அடையும் சாலை ஒரு மணி நேரப் பயணத்துக்குள் அடங்கிவிடும். நாள்தோறும் பல்லாயிரவர் செல்லும் இவ்வழியின் இரு மருங்கிலும், வளர்ச்சியில் குறைபாடு கொண்ட பச்சிளங்குழந்தைகளுக்காகத் தோன்றிய நான்கு நிறுவனங்கள் அமைந்துள்ளன. தரமணியில் தமிழ்நாடு ஸ்பாஸ்டிக்ஸ் சங்கம், அடையாற்றில் பால வித்யாலயா, கோட்டூர்புரத்தில் வித்யா சாகர், தியாகராய நகரில் மதுரம் நாராயணன் மையம் என்பன அவை. இந்திய நாட்டில் ஆரம்பநிலை இடையீடு என்னும் துறை வளர்ந்த வரலாற்றின் பெரும் பகுதியை இந்த ஒரு சாலையைக் கொண்டே எழுதிவிடலாம்.

ஆரம்பநிலை இடையீடு என்பது புதிய சொல்லாட்சி. அதன் பொருள் எளியது. பார்வை, செவி, உடலியக்கம், அறிவு வளர்ச்சி, பேச்சு, பிறரோடு பழகுதல் ஆகியவற்றில் குழந்தை பின்தங்குவது தெரியவந்தவுடன், பள்ளி வயது வரும் வரை காத்திராமல், பிறப்பு முதல் ஆறு வயதுக்குள்ளேயே பயிற்சியும் மருத்துவமும் தொடங்கிவிடுதலே அது. மூளை மிக விரைந்து வளரும் காலமும், பழுதுபட்ட ஒரு பகுதியின் வேலையை இன்னொரு பகுதி ஏற்றுக்கொள்ளும் நெகிழ்வு மிகுந்த காலமும் முதல் மூன்றாண்டுகளே. அவை கழிந்தபின் செய்யும் முயற்சி வீணன்று. ஆயினும் அதற்கு உழைப்பு பன்மடங்கு வேண்டும்.

இவ்வுண்மை தமிழகத்தில் நெடுங்காலம் உணரப்படவில்லை. காது கேளாதோர்க்கான பள்ளி பாளையங்கோட்டையில் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலேயே தோன்றிவிட்டது. சென்னையில் 1953-ஆம் ஆண்டு மேரி கிளப்வாலா ஜாதவ் அம்மையாரின் முயற்சியால் அறிவு வளர்ச்சி குன்றிய சிறார்க்கெனப் பால விகார் தொடங்கப்பெற்றது. மனநல மருத்துவமனையை விட்டால் போக்கிடம் இல்லாதிருந்த அக்குழந்தைகளுக்கு அது பெரும்பேறு. எனினும் அக்காலத்து நிறுவனங்கள் யாவும் பள்ளி என்னும் எண்ணத்திலேயே எழுந்தவை. நடக்கவும் உட்காரவும் வயது வந்த பிள்ளையைக் கொண்டுவந்து சேர்ப்பார்கள். அதற்கு முந்திய ஐந்தாறு ஆண்டுகள் வீட்டிலேயே கழியும். "தாய்மாமன்கூட ஐந்து வயதில்தான் பேசினான்" என்று பாட்டிமார் சொல்லும் ஆறுதல் மொழி இன்றும் தமிழ் வீடுகளில் ஒலிக்கிறது. அன்பினால் சொல்லப்படும் அம்மொழி எத்தனை குழந்தைகளின் பொன்னான மாதங்களை விழுங்கியதோ, கணக்கில்லை.

மேலைநாட்டிலும் இந்த உண்மை தற்செயலாகவே வெளிப்பட்டது. 1930-களில் அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் ஹெரால்டு ஸ்கீல்ஸ் என்னும் உளவியலாளர் அனாதை விடுதிக் குழந்தைகளைச் சோதித்து வந்தார். அறிவு வளர்ச்சி மிகக் குன்றியவை எனக் கணிக்கப்பட்ட இரு பெண்குழந்தைகள், அறிவுக்குறைபாடுடைய பெண்கள் தங்கிய இல்லத்துக்கு அனுப்பப்பட்டன. சில மாதங்கள் கழித்துச் சென்று பார்த்த ஸ்கீல்ஸ் திகைத்தார்; அவ்விரு குழந்தைகளும் ஓடியாடி விளையாடிக்கொண்டிருந்தன. அவ்வில்லத்துப் பெண்கள் அவற்றை மாறி மாறித் தூக்கி, பேசி, கொஞ்சி வளர்த்ததைத் தவிர வேறு மருந்து எதுவும் தரப்படவில்லை. பின்னர் மூன்று வயதுக்குட்பட்ட 13 குழந்தைகள் அவ்வாறே அனுப்பப்பட்டனர். அவர்களது நுண்ணறிவு ஈவு சராசரியாக 27 புள்ளிகளுக்கு மேல் உயர்ந்தது. அனாதை விடுதியிலேயே தங்கிய 12 குழந்தைகளின் ஈவோ ஏறத்தாழ அதே அளவு சரிந்தது. 1939-இல் இதை வெளியிட்டபோது அறிஞருலகம் நம்ப மறுத்துக் கடுமையாகத் தாக்கியது. ஸ்கீல்ஸ் அக்குழந்தைகளை மீண்டும் தேடிக் கண்டுபிடித்து 1966-இல் எழுதினார்: பதின்மூவரும் தம் காலில் நின்று வாழ்ந்துகொண்டிருந்தனர். தாமே குறைபாடுடையோர் என்று ஒதுக்கப்பட்ட பெண்களே அக்குழந்தைகளின் முதல் பயிற்சியாளர்களாக விளங்கினர் என்பது இத்துறையினர் அடிக்கடி மறந்துவிடும் செய்தி.

இதன் பின்னரே 1969-இல் விஸ்கான்சின் மாநிலத்தின் போர்ட்டேஜ் என்னும் சிற்றூரில், வீட்டுக்கே சென்று தாய்க்குக் கற்பித்து, தாய் வழியே குழந்தைக்குக் கற்பிக்கும் திட்டம் தோன்றி உலகெங்கும் பரவியது. அதே 1969-இல் சென்னையில் திருமதி சரஸ்வதி நாராயணசாமி அவர்களின் தலைமையில் பால வித்யாலயா தொடங்கியமை வியப்புக்குரிய ஒற்றுமை. காது கேளாத மழலையர்க்கான பள்ளி அது. கைக்குழந்தையாகவே தாயோடு வந்து, காதொலிக் கருவி பொருத்தி, எஞ்சியுள்ள கேட்கும் திறனைப் பயன்படுத்திப் பேச்சைக் கற்பித்து, பள்ளி வயதில் பொதுப்பள்ளிக்கு அனுப்பிவிடுவதே அதன் குறிக்கோள். தன்னிடம் பயிலும் குழந்தை விரைவில் தன்னை விட்டுப் போய்விட வேண்டும் என்று உழைக்கும் பள்ளி அரிது.

மூளை முடக்குவாதம் கொண்ட குழந்தைகளின் நிலை இதனினும் கடினமாக இருந்தது. கை கால் இறுகி, பேச்சுக் குழறும் குழந்தைக்கு அறிவும் இல்லை என்று முடிவு கட்டிவிடுவது மருத்துவரிடையேயும் வழக்கம். 1972-இல் மும்பையில் மிது அலூர் அம்மையார் தொடங்கிய இந்திய ஸ்பாஸ்டிக்ஸ் சங்கம் இவ்வெண்ணத்தை உடைத்தது. அதன் அலை சென்னைக்கு 1981-இல் வந்து தமிழ்நாடு ஸ்பாஸ்டிக்ஸ் சங்கமாயிற்று. 1985-இல் பூனம் நடராஜன் அம்மையார் ஒரு சில குழந்தைகளுடன் தொடங்கிய மையம் பின்னாளில் வித்யா சாகர் எனப் பெயர் பெற்றது. அவரே மூளை முடக்குவாதம் கொண்ட மகனின் தாய். பிற்காலத்தில் மைய அரசின் தேசிய அறக்கட்டளைக்குத் தலைவராகவும் அவர் பணியாற்றினார்.

இவ்வரலாற்றின் நடுநாயகமான பகுதி தியாகராய நகரில் நிகழ்ந்தது. அதன் வேர் இன்னும் சற்று முந்தியது. பேராசிரியர் ப. ஜெயச்சந்திரனும் திருமதி விமலாவும் விஜய் மானிடச் சேவை நிறுவனத்தின் வழியே 1970-களில் 'சென்னை வளர்ச்சித் திட்டமிடல் முறை' என்னும் கணிப்பு முறையை உருவாக்கினர். 18 துறைகள், துறைக்கு 20 வீதம் 360 செயல்கள். ஒவ்வொன்றும் குழந்தையால் இயல்வதைக் கூறும் சொற்றொடராகவே அமைந்தது. 'இவனால் இயலாது' என்னும் வாக்கியம் அப்பட்டியலில் இல்லை. நுண்ணறிவு ஈவு என்னும் ஒற்றை எண்ணைக் கையில் கொடுத்து அனுப்பப்பட்ட பெற்றோர்க்கு, அடுத்த மூன்று மாதங்களில் என்ன கற்பிக்கலாம் என்பதை இம்முறை சொன்னது. தமிழகத்தில் பிறந்த இக்கருவி நாடெங்கும் சிறப்புப் பள்ளிகளில் கையாளப்படலாயிற்று. ஆயினும் அதனை வகுத்தோரின் பெயர் தமிழர் பலர்க்குத் தெரியாது.

அதே சிந்தனையை மழலைப் பருவத்துக்குக் கொண்டுசென்றதே 'உபநயன்' திட்டம். 1989-இல் தொடங்கிய மதுரம் நாராயணன் மையம் இத்திட்டத்துக்கு இல்லமாயிற்று. ஓய்வுபெற்ற விமானப்படை ஏர் வைஸ் மார்ஷல் வி. கிருஷ்ணசாமி அவர்களும், மையத்தின் இயக்குநராகப் பொறுப்பேற்ற திருமதி ஜெயா கிருஷ்ணசாமி அவர்களும் அதை வளர்த்தனர். உபநயனம் என்னும் சொல்லுக்கு 'அருகே அழைத்துச் செல்லுதல்' என்பது வேர்ப்பொருள். சடங்குக்குரிய சொல்லை எடுத்துக் குழந்தையைக் கல்வியின் அருகே அழைத்துச் செல்லும் செயலுக்கு இட்டவர்களின் நுட்பம் பாராட்டுக்குரியது.

பிறப்பு முதல் இரண்டு வயது வரை ஒரு குழந்தை அடைய வேண்டிய திறன்கள் 250 என இத்திட்டம் வகுத்தது. உடலியக்கம், தன்னுதவி, மொழி, அறிதிறன், சமூகப் பழக்கம் என ஐந்து துறைகள். துறைக்கு 50 திறன்கள். ஒவ்வொரு திறனுக்கும் அதைக் கற்பிக்கும் வழியைக் கூறும் அட்டை உண்டு. குப்புற விழுந்த குழந்தையின் தலையை நிமிர்த்த வேண்டுமா? அதன் மார்பின் கீழ்ச் சுருட்டிய துணியை வைத்து, எதிரே கிலுகிலுப்பையை ஆட்டினால் போதும். பெருங்கருவிகள் வேண்டா, தட்டு, கரண்டி, தலையணை, தாயின் மடி ஆகியவையே பயிற்சிப் பொருள்கள். குழந்தையைக் கொண்டுவந்து விட்டுச் செல்ல இங்கே இடமில்லை. தாயோ குடும்பத்தில் ஒருவரோ உடனிருந்து கற்றுச் சென்று, மீதமுள்ள பொழுதெல்லாம் வீட்டில் செய்ய வேண்டும். மையத்தில் ஒரு மணி நேரம் என்றால் வீட்டில் பத்து மணி நேரம் என்பது இம்முறையின் கணக்கு.

இங்கேதான் எளிதில் தீராத இடர் ஒன்றும் எழுகிறது. சேவை இலவசமாகக் கிடைத்தாலும் தாயின் பொழுது இலவசமன்று. வீட்டுவேலைக்கும் கட்டட வேலைக்கும் செல்லும் பெண், இடுப்பில் குழந்தையோடு இரண்டு பேருந்து மாறி வந்தால் அன்றைய கூலி போயிற்று. மூத்த பிள்ளையைப் பள்ளியிலிருந்து அழைத்துவர ஆளில்லை. இத்தனைக்கும் மேலாக, "உன் வயிற்றில் பிறந்ததால்தானே" என்னும் சுடுசொல் வேறு. குழந்தை வராமல் நின்றுவிட்டால் தாய்க்கு அக்கறையில்லை என்று சொல்லிவிடுவது எளிது. அப்பயிற்சியின் சுமை முழுவதும் ஒரு தோளில் ஏற்றப்பட்டிருந்தது என்பதே உண்மை. தந்தையர் வந்து அமர்ந்து கற்கும் குடும்பங்களில் குழந்தை நின்றுவிடுவது குறைவு எனப் பயிற்சியாளர்கள் கூறுவது வழக்கம்.

அரசு இத்துறைக்குள் நுழைந்த வரலாற்றைச் சுருங்கச் சொல்லலாம். 1995-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் சட்டத்திலேயே, குழந்தைகள் அனைவரையும் ஆண்டுக்கு ஒரு முறையேனும் பரிசோதிக்க வேண்டும் என்னும் விதி இடம்பெற்றது. ஏட்டில் எழுதப்பட்ட அவ்விதி அங்கன்வாடி வாசலை எட்டப் பதினெட்டு ஆண்டுகள் ஆயின. 2013 பிப்ரவரியில் தொடங்கிய தேசியக் குழந்தைகள் நலத் திட்டம், 18 வயது வரை 30 வகைக் குறைகளைப் பரிசோதிக்க நடமாடும் மருத்துவக் குழுக்களையும், கண்டறியப்பட்டோர்க்கு மாவட்ட ஆரம்பநிலை இடையீட்டுச் சேவை மையங்களையும் வகுத்தது. 2016-ஆம் ஆண்டின் உரிமைச் சட்டம் குறைபாடுகளின் பட்டியலை 21 ஆக விரித்து ஆட்டிசத்தையும் சேர்த்தது. 2021 ஜூன் 17 அன்று நாட்டின் 14 இடங்களில் அனைத்துக் குறைபாடுகளுக்குமான இடையீட்டு மையங்கள் திறக்கப்பட்டன. முட்டுக்காட்டிலுள்ள தேசிய நிறுவனம் அவற்றுள் ஒன்று. செவித்திறன் இல்லாத ஆறு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்குக் காக்ளியர் கருவி பொருத்தும் அறுவைச் சிகிச்சையைத் தமிழக அரசு காப்பீட்டுத் திட்டத்தில் சேர்த்தது தனியே போற்றத்தக்கது. அது ஒரு வீட்டின் சேமிப்பு முழுவதையும் கரைக்கும் செலவாயிருந்தது.

தேவையின் அளவு சிறிதன்று. இந்தியாவின் ஐந்து இடங்களில் நடத்தி 2018-இல் வெளியான ஆய்வு, இரண்டு முதல் ஒன்பது வயதுக் குழந்தைகளில் ஏறத்தாழ எட்டில் ஒருவர்க்கு நரம்பு வளர்ச்சி சார்ந்த குறை ஒன்றேனும் இருப்பதாகக் கண்டது. இத்தனை பேரையும் நிபுணர்களே கண்டறிவது இயலாத செயல். கேரளத்து மருத்துவர் எம்.கே.சி. நாயர் குழுவினர் திருவனந்தபுரத்தில் வகுத்த வளர்ச்சி அட்டவணை இதற்கு அழகிய தீர்வு. ஒரே தாளில் 17 செயல்கள். குழந்தையின் வயதுக்கு நேரே செங்குத்தாகப் பென்சிலையோ அளவுகோலையோ வைத்தால், அதன் இடப்புறம் முடிந்துவிட்ட செயல்களில் எது வரவில்லையோ அது தாமதம். ஓர் அங்கன்வாடிப் பணியாளர் சில நிமிடங்களில் பார்த்துவிடலாம். ஓராண்டு நிறைந்தும் மழலைக் குதலை இல்லை, பெயரைச் சொல்லி அழைத்தால் திரும்பவில்லை, இரண்டு வயதில் இரு சொல் கோத்துப் பேசவில்லை என்றால், எவ்வட்டவணையும் இன்றியே மருத்துவரிடம் செல்லலாம்.

மையத்துக்குக் குழந்தை வர இயலாவிடில் மையம் குழந்தையிடம் செல்ல வேண்டும் என்பதைச் செய்து காட்டியது தென்கோடியிலுள்ள ஆய்க்குடி. கடற்படை அதிகாரித் தேர்வின்போது 1975-இல் கழுத்துக்குக் கீழ் செயலிழந்த எஸ். ராமகிருஷ்ணன் அவர்கள் 1981-இல் அங்கே தொடங்கிய அமர் சேவா சங்கம், அந்தந்த ஊர்ப் பெண்களையே பயிற்றுவித்து வீடுவீடாக அனுப்புகிறது. அவர்கள் கையிலுள்ள கைப்பேசிச் செயலி வழியே, ஒவ்வொரு குழந்தையின் முன்னேற்றத்தையும் தொலைவிலிருக்கும் சிகிச்சையாளர் காண முடிகிறது. திண்ணையிலேயே பயிற்சி நடப்பதால் தாய்க்குக் கூலியும் போவதில்லை, அண்டை வீட்டாரும் வந்து பார்த்துக் கற்றுக்கொள்கிறார்கள்.

இதே எண்ணம் இப்போது தலைநகரின் தென்முனைக்கும் வந்துள்ளது. பேரூராட்சியாயிருந்த பெருங்குடி 2011-இல் மாநகராட்சியோடு இணைந்து அதன் 14-ஆம் மண்டலமாயிற்று. பழைய மாமல்லபுரம் சாலையின் கண்ணாடி மாளிகைகளை எழுப்பிய கைகளில் பல, பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் ஆந்திரத்திலிருந்தும் வந்தவை. அவர்தம் குழந்தைகள் ஓரிடத்துப் பதிவேட்டில் பெயர் ஏறுமுன் அடுத்த கட்டடத்துக்கு நகர்ந்துவிடுகிறார்கள். உலக வங்கியின் உதவியோடு தமிழக அரசு நடத்தும் 'உரிமைகள்' திட்டத்தின்கீழ், அடுத்துள்ள சோழிங்கநல்லூரில் 'விழுதுகள்' என்னும் ஒருங்கிணைந்த சேவை மையம் திறக்கப்பட்டுள்ளது. இயன்முறை மருத்துவம், பேச்சுப் பயிற்சி, செயல்முறைப் பயிற்சி, சிறப்புக் கல்வி ஆகியவை அங்கே ஒரே கூரையின்கீழ்க் கிடைக்கின்றன. சிகிச்சைக் கருவிகள் பொருத்திய ஊர்திகளும் தெருக்களைத் தேடிச் செல்கின்றன. தகரக் கொட்டகைகளின் வாசலில் அவ்வூர்தி நிற்கும் நாளில், உள்ளே இருப்பது எந்த மாநிலக் குழந்தை, எந்த மொழி பேசும் தாய் என்று அறிந்து பேசவல்ல பயிற்சியாளர் எத்தனை பேர் உளர் என்பதே இனி எழுதப்படவேண்டிய அத்தியாயம்.