அலமாரியும் மதிப்பெண்ணும்

சில மாதங்களுக்கு முன் ஒரு கல்லூரியில் மாணவர் குறும்படங்களுக்கு மதிப்பெண் போட என்னை அழைத்திருந்தார்கள். போனேன். ஒவ்வொருவரும் மூன்று பொருள்கள் தரவேண்டும்: படம், அதற்கான போஸ்டர், தன் வேலையைத் தானே மதிப்பிட்டு எழுதிய நான்கு பக்கங்கள். என் கையில் கட்டம் போட்ட ஒரு படிவம். போஸ்டருக்கு 20 மதிப்பெண். நடிகரின் முகம் தெரிகிறதா, படம் எந்த வகை என்று விளங்குகிறதா, பெயர்கள் முறைப்படி இருக்கின்றனவா என்று அதில் கேள்விகள்.

ஒரு பெண் எடுத்த படம், ஒன்பது நிமிஷம். கடையை மூடப்போகிற தையல்காரர் ஒருவர் கடைசித் துணியை வெட்டுகிறார். அவ்வளவுதான். போஸ்டரில் கறுப்புத் துணி, அதன் குறுக்கே சாக்குக்கட்டியால் இழுத்த ஒரு கோடு, மூலையில் சின்ன எழுத்தில் தலைப்பு. முகம் இல்லை, பெயர்களும் இல்லை. படிவம் கேட்டபடி 6 போட்டேன். அடுத்த போஸ்டரில் ஒரு இளைஞன் மழையில் நின்றுகொண்டிருந்தான். அதற்கு 16. வீடு திரும்பும் பஸ்ஸில்தான் உறைத்தது: அன்று பார்த்த போஸ்டர்களில் அந்தக் கோடு ஒன்றுதான் கண்ணில் நின்றது.

இந்த உறுத்தலோடுதான் போலந்தின் பழைய கதை ஒன்றுக்குத் திரும்புகிறேன். நம்மில் சிலருக்குத் தெரிந்த கதைதான். ஆனால் அதை நாம் சினிமாவின் கதையாக மட்டுமே சொல்லிவந்திருக்கிறோம். போஸ்டரையும் சேர்த்துச் சொன்னால் அது வேறு கதையாகிறது.

வூட்ஜ் நகரில் 1948இல் திரைப்படப் பள்ளி தொடங்கியது. ஒரு பழைய ஆலை முதலாளியின் மாளிகைதான் பள்ளி. அதன் மரப் படிக்கட்டு பிரசித்தம். படம் பார்த்துவிட்டு வெளியே வரும் மாணவர்கள் அதில் உட்கார்ந்து சண்டை போடுவார்கள். பள்ளியின் நிஜமான தேர்வுக்கூடம் அந்தப் படிக்கட்டுதான் என்று எனக்குப் படுகிறது. அங்கே படிவம் கிடையாது.

1958இல் ரோமன் பொலான்ஸ்கி என்ற மாணவர் அங்கிருந்து 'இரண்டு மனிதர்களும் ஒரு அலமாரியும்' என்ற படத்தை எடுத்தார். சுமார் 15 நிமிஷம். கடலிலிருந்து இரண்டு பேர் கண்ணாடி பதித்த ஒரு துணி அலமாரியைத் தூக்கிக்கொண்டு கரையேறுகிறார்கள். டிராமில் இடமில்லை, உணவு விடுதியில் இடமில்லை, ஹோட்டலில் இடமில்லை. ரௌடிகள் அடிக்கிறார்கள், ரௌடிகளில் ஒருவராக பொலான்ஸ்கியே வருகிறார். கடைசியில் இருவரும் அலமாரியோடு கடலுக்கே திரும்பிப் போகிறார்கள். போகும் வழியில் ஒரு குழந்தை வரிசை வரிசையாகச் செய்துவைத்திருக்கும் மணல் அச்சுகள். அவை மிதிபடாதபடி பார்த்துப் பார்த்து நடக்கிறார்கள். படத்தில் வசனம் கிடையாது. கொமேடாவின் ஜாஸ் மட்டும். 1956க்குப் பின் போலந்தில் கட்டுப்பாடுகள் சற்றுத் தளர்ந்திருந்த காலம் அது.

அந்த ஆண்டு பிரஸ்ஸல்ஸ் உலகப் பொருட்காட்சியையொட்டிப் பரிசோதனைப் படங்களுக்கு ஒரு போட்டி நடந்தது. மாணவர் படத்துக்கு வெண்கலப் பதக்கம். முதல் பரிசும் போலந்துக்குத்தான் போயிற்று: 'வீடு' என்ற குறும்படம். எடுத்தவர்கள் யான் லெனிட்சா, வலேரியன் பொரோவ்சிக். இருவரும் போஸ்டர் வரைந்தவர்கள். நான் இத்தனை நாள் கவனிக்காமல் விட்டது இந்த இடத்தைத்தான். சினிமாப் பள்ளி மாணவரை முந்தியவர்கள் சினிமாவுக்கு விளம்பரம் வரைந்த கைகள்.

இது எப்படி சாத்தியமாயிற்று? யுத்தம் முடிந்ததும் அரசின் திரைப்பட நிறுவனம் ஹென்ரிக் தொமஷெவ்ஸ்கி, எரிக் லிபின்ஸ்கி போன்றவர்களிடம் போஸ்டர் கேட்டது. தங்கள் போக்கில்தான் வரைவோம் என்ற நிபந்தனையோடு அவர்கள் ஒப்புக்கொண்டார்கள். நட்சத்திரத்தின் முகத்தை ஒட்டித் தரும் வேலையை அவர்கள் ஏற்கவில்லை. 1948இல் வியன்னாவில் நடந்த சர்வதேசக் கண்காட்சியில் தொமஷெவ்ஸ்கிக்கு ஐந்து முதல் பரிசுகள். அடுத்த தலைமுறையில் லெனிட்சா வந்தார். படத்தைப் பார்த்த ஒருவர் அதைப் பற்றித் தன் அபிப்பிராயத்தை ஒரே சித்திரமாகச் சொல்வது என்று போஸ்டரின் அர்த்தமே அங்கே மாறிவிட்டது. அது ஒரு விமர்சனம், சுவரில் ஒட்டப்பட்ட விமர்சனம்.

இதை சொர்க்கமாக்கிச் சொல்லவேண்டியதில்லை. படங்களைத் தணிக்கை செய்த அதே அரசுதான் போஸ்டருக்கும் காசு கொடுத்தது. ஆனால் விநியோகம் முழுவதும் அரசின் கையில் இருந்ததால் போஸ்டர் டிக்கெட் விற்றுத் தரவேண்டிய கட்டாயம் இல்லை. அந்த இடைவெளியில் கலைஞன் புகுந்துகொண்டான். 1962இல் பொலான்ஸ்கி தன் முதல் முழுநீளப் படமான 'தண்ணீரில் கத்தி'யை எடுத்தபோது இசை மறுபடியும் கொமேடா, போஸ்டர் லெனிட்சா. பிரஸ்ஸல்ஸில் முதல் பரிசு வாங்கியவர் பதக்கம் வாங்கியவரின் படத்துக்கு போஸ்டர் வரைகிறார். யாருக்கு யார் கீழே என்ற கேள்வி அங்கே எழவில்லை.

நம் மாணவர் படமும் டிக்கெட் விற்பதில்லை. அதைப் பார்க்க யாரும் காசு தரப்போவதில்லை. ஒரு வேடிக்கை என்னவென்றால், போலந்துக் கலைஞர்களுக்கு ஒரு அரசாங்க ஏற்பாட்டால் வாய்த்த சுதந்திரம் நம் மாணவருக்குச் சும்மாவே கிடைத்திருக்கிறது. அந்தச் சில மாதங்கள்தான் அவருக்கு எதையும் விற்கத் தேவையில்லாத காலம். அந்த நேரம் பார்த்து நாம் படிவத்தைக் கொண்டுபோய் நீட்டுகிறோம், விற்பனையின் இலக்கணத்தை வைத்து மதிப்பெண் போடுகிறோம். சந்தை பிற்பாடு சொல்லித்தரப்போகும் பாடத்தை முன்கூட்டியே நடத்திவிடுவதற்குப் பெயர் கல்வி. அந்த அலமாரிக்கு இடமில்லை என்று சொன்ன டிராம்காரனுக்கும் எனக்கும் அன்று பெரிய வித்தியாசம் இருக்கவில்லை.

அந்தப் பெண்ணின் தன்மதிப்பீட்டை அன்று வேகமாகத் தள்ளிவிட்டிருந்தேன். ஒரு வாக்கியம் மட்டும் நினைவிருக்கிறது. முகத்தைப் போட்டால் பார்ப்பவர்கள் அவர்மேல் பரிதாபப்பட்டுவிட்டுப் போய்விடுவார்கள், கோட்டைப் போட்டால் எதற்கு என்று நிற்பார்கள் என்று எழுதியிருந்தார். என் படிவம் முழுவதையும்விடத் தெளிவான விமர்சனம் அது. அதற்கும் நான் போட்டது பாதி மதிப்பெண்தான். நான்கு பக்கம் கேட்டிருந்தோம், அவர் ஒன்றரைப் பக்கம்தான் எழுதியிருந்தார்.

மதிப்பெண் பட்டியல் போய்விட்டது. திருத்த முடியுமா என்று கேட்டேன், முடியாது என்றார்கள். அதனால்தான் இதை இங்கே எழுதுகிறேன். இதைப் படிக்கிற சிலரையும் நாளை யாராவது இப்படி அழைக்கலாம். படிவத்தைக் கையில் வாங்குவதற்கு முன் படத்தைப் பார்த்துவிடுங்கள்.