மூன்று சக்கரக் கப்சாய்: ஹேண்டல் கனப்பதும் அடிப்பாகம் உரசுவதும் ஏன்?

விபத்தில் கால் இழந்தவர்கள், நீரிழிவால் கால் அகற்றப்பட்டவர்கள், சிறு வயதிலேயே போலியோவால் பாதிக்கப்பட்டவர்கள் எனப் பலருக்கும் மூன்று சக்கர மோட்டார்தான் வேலைக்கும் மருத்துவமனைக்கும் போகக் கிடைத்த கால். நம் நாட்டில் இதற்குப் பெரும்பாலும் பயன்படுவது கப்சாய். பின்சக்கரத்தைக் கழற்றிவிட்டு, நீண்ட அச்சில் இரண்டு சக்கரங்களைப் பொருத்தினால் வண்டி தானாக நிற்கும். காலை ஊன்ற வேண்டியதில்லை.

ஆனால், மாற்றிய வண்டியை ஓட்டத் தொடங்கியதும் இரண்டு குறைகள் தலைகாட்டும். திருப்பத்தில் ஹேண்டல் கனக்கும். பாம்பரிலும் (சாலை மேட்டிலும்) தோட்டத்துப் பாதையிலும் அடிப்பாகம் உரசும். இவை இரண்டும் தனித்தனி நோய்கள் என்று நினைத்து ஒன்றைச் சரிசெய்யப் போனால் மற்றொன்று கெடக்கூடும். ஆகவே, பட்டறைக்குப் போகும் முன் காரணத்தைத் தெரிந்துகொள்வது நல்லது.

ஹேண்டல் ஏன் கனக்கிறது?

இரண்டு சக்கர மோட்டார் திருப்பத்தில் சாயும். அந்தச் சாய்வே முன்சக்கரத்தைத் திருப்ப உதவுகிறது. மூன்று சக்கர வண்டி சாயாது. அதனால் முழு வேலையும் கைகளின் மேல் விழுகிறது.

இதில் முக்கியமான அளவு 'டிரெயில்'. ஹேண்டல் சுழலும் அச்சை நேர்கோடாகத் தரைவரை நீட்டினால், அது டயர் தரையைத் தொடும் இடத்துக்குச் சற்று முன்னால் வந்து விழும். இந்த இரண்டு புள்ளிகளுக்கும் இடையிலுள்ள தூரமே டிரெயில். பேரங்காடித் தள்ளுவண்டியின் சக்கரம் எப்போதும் பின்னோக்கித் திரும்பிக்கொண்டு நம் பின்னால் வருகிறதே, அதே தத்துவம்தான். டிரெயில் கூடினால் வண்டி நேராகப் போகும். ஆனால் திருப்புவது கடினம்.

17 அங்குலச் சக்கரமும், செங்குத்திலிருந்து 26.5 பாகை சாய்ந்த ஹேண்டல் அச்சும், 75 மி.மீ. டிரெயிலும் கொண்ட ஒரு கப்சாயை எடுத்துக்காட்டாகக் கொள்வோம். பின்னால் 17 அங்குலச் சக்கரத்துக்குப் பதிலாக 10 அங்குல ஸ்கூட்டர் சக்கரங்களைப் பொருத்தினால், வண்டியின் பின்பாகம் சுமார் 63 மி.மீ. தாழும். முன்சக்கரத்துக்கும் பின்சக்கரத்துக்கும் இடையே 1,200 மி.மீ. என்றால், சட்டம் முழுவதும் 3 பாகை பின்னோக்கிச் சாய்கிறது. அதோடு ஹேண்டல் அச்சும் சாய்வதால் டிரெயில் 75 மி.மீ.இலிருந்து ஏறக்குறைய 92 மி.மீ. ஆகிவிடும். ஹேண்டலின் கனம் ஐந்தில் ஒரு பங்குக்கும் மேல் கூடும். அதே நேரத்தில் வண்டியின் நடுவிலுள்ள கால்மிதியும் புகைக்குழாயும் 30 மி.மீ. அளவு கீழே இறங்குகின்றன.

ஆக, சிறிய பின்சக்கரம் என்ற ஒரே காரணம் இரண்டு குறைகளையும் கொண்டு வருகிறது. மத்தளத்துக்கு இரு பக்கமும் இடி என்பது போலத்தான்.

கனத்தைக் குறைக்கும் வழிகள்

செலவு குறைந்ததிலிருந்து தொடங்குவோம். முதலில் முன் டயரின் காற்றையும் ஹேண்டல் பேரிங்கையும் பார்க்க வேண்டும். காய்ந்துபோன பேரிங்கே பாதிப் பிரச்சினையாக இருக்கலாம். அடுத்து, அகலமான ஹேண்டல். பிடிக்கும் இடம் நடுவிலிருந்து எவ்வளவு தள்ளி இருக்கிறதோ, அவ்வளவு குறைந்த பலம் போதும்.

மூன்றாவது, பின்பாகத்தை உயர்த்துவது. சற்று நீளமான அப்சோபர் போட்டுப் பின்பாகத்தை 30 மி.மீ. உயர்த்தினால் ஹேண்டல் அச்சு சுமார் 1.4 பாகை நிமிரும். டிரெயில் ஏறக்குறைய 8 மி.மீ. குறையும். உடல் பாகங்களும் தரையிலிருந்து உயரும்.

நான்காவது, முன் ஃபோர்க்கைப் பிடித்திருக்கும் பிராக்கெட்டை மாற்றி ஃபோர்க்கை முன்னே தள்ளுவது. மேலே சொன்ன வண்டியில் 25 மி.மீ. முன்னே தள்ளினால் டிரெயில் 92இலிருந்து 63 மி.மீ. வரை இறங்கும். இது லேத் பட்டறையில் முழுத் துண்டாகக் கடைந்து செய்ய வேண்டிய வேலை. பழைய பிராக்கெட்டை அறுத்து வெல்டிங் வைப்பது ஆபத்து. கப்சாயின் ஃபோர்க் பெரும்பாலும் அந்த ஒரு பிராக்கெட்டை மட்டுமே நம்பி நிற்கிறது. அது முறிந்தால் ஓட்டுபவருக்குத் தப்பிக்க வழியில்லை. டிரெயிலை மிகவும் குறைத்துவிட்டாலும் மெதுவாகப் போகும்போது ஹேண்டல் இருபக்கமும் உதறும்.

பின் அச்சும் ஹேண்டலைத் தடுக்கும்

இரண்டு பின்சக்கரங்களும் ஒரே அச்சில் இறுகப் பூட்டப்பட்டிருந்தால் அவை ஒரே வேகத்தில்தான் சுழலும். சக்கரங்களுக்கு இடையே 900 மி.மீ. இருந்தால், ஒரு சந்தியில் திரும்பும்போது வெளிச்சக்கரம் உள்சக்கரத்தைவிட 1.4 மீட்டர் கூடுதலாக ஓட வேண்டும். அது முடியாததால் டயர் தரையில் தேயும். வண்டி நேராகவே போகப் பார்க்கும். டிஃபரென்ஷியல் இருந்தால் இந்தச் சிக்கல் தீரும். ஒரு சக்கரத்துக்கு மட்டும் விசை கொடுப்பது மலிவான வழி. ஆனால் முடுக்கும்போது வண்டி ஒரு பக்கம் இழுக்கும், ஈரமான செம்மண்ணில் அந்த ஒரு சக்கரம் வழுக்கினால் வண்டி நகராது.

அப்சோபர் உயர்த்தாத ஒரே இடம்

நீளமான அப்சோபர் சட்டத்தை உயர்த்தும், அச்சை உயர்த்தாது. அச்சின் உயரத்தைத் தீர்மானிப்பது சக்கரம் மட்டுமே. அச்சில் மிகவும் தாழ்வான பாகம் ஸ்ப்ரொக்கெட். 428 செயினுக்கான 36 பல் ஸ்ப்ரொக்கெட்டின் ஆரம் சுமார் 76 மி.மீ. 17 அங்குலச் சக்கரத்தில் அதன் கீழே 200 மி.மீ. இடைவெளி கிடைக்கும். 10 அங்குலச் சக்கரத்தில் 140 மி.மீ.தான்.

சிறிய சக்கரத்தை விட முடியாதவர்கள் பின் ஸ்ப்ரொக்கெட்டை 28 பல்லாகக் குறைக்கலாம். சக்கரம் சிறியதாக இருப்பதால் இழுவைச் சக்தி பழைய அளவிலேயே இருக்கும். இடைவெளியும் 16 மி.மீ. கூடும்.

செம்பனைத் தோட்டங்களில் இன்னொரு சிக்கல் உண்டு. லோரிகள் பதித்த இரண்டு தடங்களுக்கு நடுவே புல்மேடு இருக்கும். இரண்டு சக்கர மோட்டார் ஒரு தடத்தைப் பிடித்துப் போய்விடும். மூன்று சக்கரத்துக்கு மூன்று தடம் வேண்டும். ஏதாவது ஒரு சக்கரம் மேட்டில்தான் ஏறும். இப்படிப்பட்ட பாதையில் தினமும் போகிறவர்கள் பெரிய பின்சக்கரத்துக்கே செலவு செய்வது நல்லது. இடைவெளியை ஆள் ஏறி உட்கார்ந்த பிறகே அளக்க வேண்டும்.

உயரம் கூடினால் அகலமும் கூட வேண்டும்

உயர்த்திய வண்டி எளிதில் கவிழும். ஆளோடு சேர்ந்த எடையின் மையம் 600 மி.மீ. உயரத்திலிருந்து 650 மி.மீ. ஆனால், பழைய நிலைத்தன்மையைக் காப்பாற்றவே 900 மி.மீ. இடைவெளியிலுள்ள பின்சக்கரங்களைச் சுமார் 975 மி.மீ.க்கு அகற்ற வேண்டும். எவ்வளவு அகற்றினாலும் திருப்பத்துக்கு முன்பே வேகத்தைக் குறைப்பதுதான் பாதுகாப்பு. உடலைத் திருப்பத்தின் உட்பக்கம் சாய்ப்பதும் உதவும். பழக்கத்தில் காலைத் தரையில் ஊன்றிவிடக் கூடாது. பின்சக்கரம் அதன்மேல் ஏறிவிடும்.

சட்டம் என்ன சொல்கிறது?

வண்டியின் அமைப்பை மாற்றுவதற்குச் சாலைப் போக்குவரத்துத் துறையின் (ஜேபிஜே) அனுமதியும் வாகனப் பரிசோதனையும் தேவை. அனுமதியில்லாமல் மாற்றிய வண்டி விபத்தில் சிக்கினால் காப்புறுதி இழப்பீட்டுக்கே சிக்கல் வரலாம். மாற்றுத் திறனாளிகளுக்கான வண்டி 250 கிலோவுக்கு மேற்படாவிட்டால் 'ஏ' பிரிவு உரிமம் உண்டு. ஆகவே முதலில் ஜேபிஜே அலுவலகம், பிறகு பட்டறை என்ற வரிசையே சரி.

பட்டறையில் கேட்க வேண்டிய ஐந்து கேள்விகள்

1. பின்சக்கரம் மாறினால் பின்பாகம் எத்தனை மி.மீ. தாழும்?
2. ஆள் ஏறிய பிறகு மிகவும் தாழ்வான பாகம் எது, எவ்வளவு உயரத்தில் இருக்கும்?
3. பின் அச்சில் டிஃபரென்ஷியல் உண்டா?
4. ஃபோர்க் பிராக்கெட்டிலோ ஹேண்டல் தண்டிலோ வெல்டிங் வைக்கப்படுமா?
5. மேட்டில் நிறுத்தினால் வண்டி உருளாமலிருக்க நிறுத்தப் பிரேக் உண்டா?

இவற்றுக்குத் தெளிவான பதில் சொல்லும் பட்டறையில் வண்டியை நம்பி விடலாம். நான்காவது கேள்விக்கு 'ஆம்' என்று பதில் வந்தால், வேறு பட்டறை பாருங்கள்.