எச்.ஐ.வி. சார்ந்த அறிவாற்றல் குறைபாடும் டோபமைனும்

எச்.ஐ.வி. தொற்றியவர்களுக்கு மறதி, கவனச் சிதறல், கைகால் மந்தம், எதிலும் நாட்டமின்மை ஆகியவை உண்டாகும் நிலையே எச்.ஐ.வி. சார்ந்த அறிவாற்றல் குறைபாடு. இந்தியாவில் இத்தொற்று 1986இல் சென்னையில் மருத்துவர்கள் சுனிதி சாலமன், நிர்மலா ஆகியோரின் முயற்சியால் வெளிச்சத்துக்கு வந்தது. அதே ஆண்டில் நியூயார்க்கில் நவியா, ஜோர்டன், பிரைஸ் மூவரும் எய்ட்ஸ் நோயாளிகளின் மூளைத் தளர்ச்சியை விரிவாக எழுதினர். நோயாளிகளின் மந்தம், டோபமைன் என்னும் மூளை வேதிப்பொருள் குறைவதால் வரும் பார்க்கின்சன் நோயை நினைவூட்டியதால் ஆய்வாளர் பார்வை டோபமைன் மீது விழுந்தது.

இவ்வைரஸ் நரம்பணுக்களை நேரடியாகத் தாக்குவது அரிது. மூளையின் காவல் செல்களில் குடியேறுகிறது. அங்கிருந்து கசியும் டாட் என்னும் புரதம், வெளியான டோபமைனைத் திரும்ப உள்ளிழுக்கும் கடத்திகளைத் தடுக்கிறது. டோபமைன் மிகுந்த பேசல் கேங்கிலியா பகுதியில் பாதிப்பு அதிகம். மனநலச் சிகிச்சையில் டோபமைனைத் தடுக்கும் மருந்து கொடுத்தால் இந்நோயாளிகளுக்கு உடல் விறைப்பு எளிதில் வந்துவிடும்.

பார்க்கின்சனைப் போல இங்கும் டோபமைன் குறைந்திருக்கும், அதை ஏற்றிவிட்டால் போதுமே என்ற எண்ணம் பலிக்கவில்லை. டோபமைன் சிதைவைத் தடுக்கும் செலிஜிலின் மருந்து 2007இல் வெளியான பெரிய சோதனையில் நினைவாற்றலை மேம்படுத்தவில்லை. எச்.ஐ.வி.க்கு இணையான வைரஸ் தொற்றிய குரங்குகளில் அதுவும், டோபமைனாக மாறும் லெவோடோபாவும் மூளைச் சேதத்தை விரைவுபடுத்தின. டோபமைனே காவல் செல்களில் வைரஸ் பெருகத் துணைபோகிறது என்பதும் பின்னர் தெரிந்தது. டோபமைனை ஏற்றுவது உதவாது, தீங்கும் தரலாம் என்பதே இந்த வரலாற்றின் மிக முக்கியமான பாடம்.

இந்தியாவில் பரவலாக உள்ளது சி வகை வைரஸ். அதன் டாட் புரதத்தில் 31ஆம் இடத்தில் சிஸ்டீன் என்னும் அமினோ அமிலத்துக்குப் பதில் செரின் இருப்பதை பெங்களூரின் உதயகுமார் ரங்கா குழு 2004இல் விளக்கியது. இம்மாற்றம் அப்புரதத்தின் வீரியத்தைக் குறைப்பதால் இங்கே மூளைப் பாதிப்பு அரிது என்று பலர் நம்பினர். கடுமையான டிமென்ஷியா குறைவுதான். ஆனால் சென்னை, பெங்களூரு ஆய்வுகள் லேசான குறைபாடு பலரிடம் இருப்பதைக் காட்டின.

இந்த லேசான குறைபாட்டைச் சிகிச்சை மையங்களிலேயே கண்டறிய முயலலாம். எடுத்துக்காட்டாக, திருச்சியில் மகாத்மா காந்தி நினைவு அரசு மருத்துவமனையின் ஏ.ஆர்.டி. (எச்.ஐ.வி. மருந்துச் சிகிச்சை) மையத்தில் கூட்டு மருந்து இலவசம். இத்தகைய மையங்களில் செய்யத்தக்க எளிய சோதனை 2005இல் வந்தது: விரல் தட்டுவது, கையை முஷ்டி, உள்ளங்கை, பக்கவாட்டு என மாற்றி வைப்பது, நான்கு சொற்களை நினைவுகூர்வது. படிக்காதவரும் செய்யலாம், மொத்தம் 12 மதிப்பெண், 10 அல்லது குறைவென்றால் மேல் பரிசோதனை தேவை. எச்.ஐ.வி. மாத்திரை எடுப்பவருக்கு மறதி கூடினால், வயதாகிவிட்டது என்று விட்டுவிடாமல், குடும்பத்தார் அதை மையத்து மருத்துவரிடம் சொல்ல வேண்டும்.