உதிர்ந்த கொம்பும் வெட்டிய கொம்பும்

கடமானின் தலையில் இருப்பதையும் வெளிமானின் தலையில் இருப்பதையும் கொம்பு என்னும் ஒரே சொல்லால் குறிக்கிறோம். இயற்கையோ அவற்றை இருவேறு பொருள்களாகப் படைத்துள்ளது. வெளிமானின் முறுக்குக் கொம்பு, எலும்புத் தண்டின்மேல் நகம் போன்றதோர் உறை படர்ந்து உருவாவது, உயிருள்ளவரை நிலைத்திருப்பது. கடமான், செம்மான், பனிமான் ஆகியவற்றின் கிளைக்கொம்போ முழுவதும் எலும்பே. உதிர்வதும் மீண்டும் முளைப்பதும் அதன் இயல்பு. எனவே, கிளைக்கொம்புக் கைவினையின் வரலாற்றை ஆராயப் புகுவோர் முதற்கண் எழுப்ப வேண்டிய வினா ஒன்றுண்டு. கைவினைஞனின் கைக்கு வந்த கொம்பு தானாக உதிர்ந்ததா, கொன்ற மானிடமிருந்து எடுத்ததா?

விடை கொம்பின் அடியிலேயே உள்ளது. உதிர்ந்த கொம்பின் அடி, வட்ட விளிம்போடு இயல்பாகக் கழன்ற தடத்தைக் காட்டும். கொன்ற மானின் கொம்பில் மண்டையோட்டின் துண்டு ஒட்டியிருக்கும்.

இங்கிலாந்தின் யார்க்சயர்ப் பகுதியில் ஸ்டார் கார் என்னுமிடத்தில் 1949 முதல் 1951 வரை கிரகாம் கிளார்க் நிகழ்த்திய அகழாய்வில் 21 தலையணிகள் கிடைத்தன. அவை ஏறத்தாழ 11,000 ஆண்டுத் தொன்மை உடையவை. செம்மானின் முன்மண்டையைக் கொம்போடு எடுத்து, கனத்தைக் குறைத்து, துளையிட்டுச் செய்தவை. இவை வேட்டையின் பயன் என்பதில் ஐயமில்லை.

காலத்தால் பிற்பட்ட வைக்கிங் நகரங்களில் காட்சி மாறுகிறது. ஹெடபி, யார்க் முதலிய ஊர்களில் சீப்புத் தொழில் செழித்திருந்தது. கொம்பைச் சிறு தகடுகளாக அறுத்து, இரு நீண்ட பட்டைகளுக்கிடையே அடுக்கி, ஆணியால் பிணைத்த பின்னரே பற்களை அறுத்தனர். தொழிற்கூடக் கழிவுகளில் உதிர்ந்த கொம்பின் அடிகளே மிகுதி. ஆகவே அத்தொழில் வேட்டைக்காரரைவிடக் காட்டில் கொம்பு பொறுக்கியவரையே பெரிதும் நம்பியிருந்தது என்பது பெறப்படும். பிற்காலத்தே காடுகள் அரசரும் பிரபுக்களும் வேட்டையாடும் களங்களாயின. சீப்புத் தொழிலாளர் மாட்டெலும்பையும் மாட்டுக் கொம்பையும் நாடியதற்கு இதனையும் ஒரு காரணமாக ஆய்வாளர் சுட்டுவர்.

எளியோரின் கையை விட்டகன்ற கிளைக்கொம்பு, செல்வர் மாளிகையின் அணியாயிற்று. ஆல்பிரெக்ட் டியூரர் வரைந்த வடிவத்தைக் கொண்டு 1522இல் வீட் ஸ்டோஸ் என்னும் சிற்பி செய்த பறவைநாக விளக்கு இன்றும் நியூரம்பெர்க் அருங்காட்சியகத்தில் உள்ளது. நாகத்தின் உடல் மரம். சிறகுகளாக விரிவன பனிமானின் கொம்புகள். கொம்பின் இயற்கை வளைவைச் சிதைக்காமல் அதனுள்ளே உருவம் கண்ட திறம் போற்றத்தக்கது.

19ஆம் நூற்றாண்டில் இக்கலை அறைகலன் வாணிகமாக வளர்ந்தது. ஹாம்பர்க் நகரத்து ராம்பெண்டால் செய்த கொம்பு அறைகலன்கள் 1851இல் லண்டன் பெருங்கண்காட்சியில் இடம்பெற்றன. விக்டோரியா அரசியின் ஆஸ்போர்ன் மாளிகையில் 'கொம்பு அறை' என்றே ஓர் அறை உண்டு. வேட்டையின் பெருமிதம் அங்கே நாற்காலியாக உருக்கொண்டது.

இவ்வரலாற்றில் நமக்கும் பங்குண்டு. இந்தியக் கடமானின் கொம்பு ஷெஃபீல்டு நகரத்துக் கத்திகளுக்குப் பிடியாகச் சென்றது. 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் இன்று கொம்பு வாணிகத்தைத் தடுக்கிறது. மாறாக, அமெரிக்காவின் ஜாக்சன் நகரில் உதிர்ந்த கொம்புகளைக் குவித்து எழுப்பிய வளைவுகள் வீதியில் நிற்கின்றன; அவற்றுள் முதலாவது 1953இல் அமைந்தது.

உதிர்ந்ததை எடுப்பதில் தீங்கென்ன என்று வினவலாம். அறுத்து மெருகேற்றிக் கத்திப்பிடியாக்கியபின் கொம்பின் அடி மறைந்துவிடுகிறது. அதனோடு சான்றும் அழிகிறது. உதிர்ந்தது என்னும் பெயரால் வெட்டியதும் சந்தை ஏறும். ஒரு நல்ல கைவினை நலிவது வருத்தத்திற்குரியதே. ஆயினும் மீண்டும் முளைப்பது கொம்பு, மான் அன்று.